மேஸ்திரியின் மணல் பெட்டி

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல என் கிட்னி இருக்கணும். ரெண்டும் ஒரே வீட்டுல இருக்காது. நீயே முடிவு பண்ணிக்க."

சொன்னது நான். சொன்ன இடம் என் தம்பியின் கண்ணாடிக்கடை. 'அது' என்றது, லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில், ஃபிரேம் வந்த அட்டைப்பெட்டிக்குள் நாலு காலையும் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சாம்பல் நிறப் பூனையை. மேஸ்திரி என்று அதற்குப் பெயர் வைத்தவன் தம்பி. ஒரு வேலையும் செய்யாமல், அடுத்தவன் செய்கிற வேலையை நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பதால் அந்தப் பெயர்.

தம்பி கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைக்கவில்லை. காதுக் கம்பியின் திருகாணியை முடுக்கிக்கொண்டே கேட்டான்.

"இதைச் சொல்லவா நர்சரியை மூடிட்டு வந்த?"

"ஆமா."

"போன்ல சொல்லியிருக்கலாமே அக்கா."

"போன்ல சொன்னா சரிக்கா, சரிக்கான்னு சொல்லிட்டு, ஒரு கையால அதைத் தடவிக்கிட்டே இருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?"

அப்போதும் தடவிக்கொண்டுதான் இருந்தான்.

அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு அறுபத்திரண்டு. இரண்டு வருஷமாக அவனுக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மனைவி இறந்துபோன பிறகு கடைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறையில் தனியாக இருக்கிறான். என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். மீதி இருந்தது கடைசிக் கட்ட ரத்தப் பரிசோதனைகள் மட்டும். அதற்குள் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள், மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொள்பவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று. அதில் ஒரு பக்கத்தில், பூனை வளர்ப்பவர்கள் அதன் கழிவுப் பெட்டியைத் தாங்களே சுத்தம் செய்யக் கூடாது, மருத்துவரிடம் ஆலோசிக்கவும் என்று போட்டிருந்தது. நான் ஆலோசித்தேன். என்னிடமே. என் செடி நர்சரிக்கு ரோஜா வாங்க வந்த ஒரு அம்மாளும் கூடச் சேர்ந்துகொண்டாள். "ஐயையோ, பூனைக் கிருமி மூளைக்குள்ள போய் உட்காந்துக்குமாம், கண்ணையும் எடுத்துடுமாம்" என்றாள். அவள் போன அரை மணி நேரத்தில் நான் கடையில் நின்றேன்.

"டயாலிசிஸ் முடிஞ்சு வந்தா குளிரும்னு சொல்லுவேன்ல," என்றான் தம்பி. "அப்ப வந்து கால்மேல படுத்துக்கும். அவ்வளவுதான். அதுக்கு மேல அதால எந்தப் பிரயோஜனமும் இல்லைன்னு எனக்கும் தெரியும்."

"நல்ல கம்பளியா ஒண்ணு வாங்கித் தரேன்."

"கம்பளி வாசல்ல வந்து நிக்காதே அக்கா. ஆட்டோ சத்தம் கேட்டா இது வந்து நிக்கும்."

இளகிவிட்டால் காரியம் கெட்டுப்போகும் என்று குரலை உயர்த்தினேன்.

"நீ பிழைச்சுக் கிடக்கணும்னு நான் என் வயித்தைக் கிழிச்சுக்கப் போறேன். பிடுங்கி உனக்குள்ள வச்சதை இந்தப் பூனை வந்து நாசம் பண்ணுமா? உனக்குக் குடுக்கிறேனா, பூனைக்குக் குடுக்கிறேனா?"

ஃபிரேமை வைத்தான். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினான்.

"ஒரு வாரம் டைம் குடு."

"நாலு நாள்."

"சரிக்கா."

அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வயதிலிருந்தே என்னிடம் இப்படித்தான், சண்டை போடவே விடமாட்டான்.

நான்காம் நாள் மேஸ்திரி கறிக்கடைக்குப் போனது. கறிக்கடைக்காரர் தம்பியின் பழைய வாடிக்கையாளர். கத்தி பிடிக்கிற கை என்பதால் வருஷத்துக்கு ஒரு கண்ணாடியாவது உடைப்பார். "எலித் தொல்லை தாங்கலைங்க, எனக்கே ஒரு பூனை வேணும்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். தம்பி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்: இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகும், இழுக்க வேண்டாம். தண்ணீர் டம்ளரில் வைத்தால்தான் குடிக்கும். கூடவே ஒரு பை உலர்ந்த தீனி.

கறிக்கடைக்காரர் தீனிப் பையைத் தூக்கிப் பார்த்தார். "என்னங்க இது, கொட்டை மாதிரி. என் கடைக்கு வந்துட்டு இதைத் தின்னுச்சுன்னா எனக்குத்தான் கேவலம். ராஜா மாதிரி வச்சுக்கிறேன், நீங்க போங்க."

"கேட்டியா," என்றேன் தம்பியிடம். "கறிக்கடையில வாழ்க்கை. இதுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை," என்றான். திரும்பும்போது வண்டியை ஓட்டிவந்த என் வீட்டுக்காரர் மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தார். அவர் பேசுகிற ஆளே இல்லை. அன்றைக்கு வானிலையைப் பற்றிப் பேசினார்.

மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். சின்ன அறை, மேஜைமேல் பிளாஸ்டிக்கில் செய்த சிறுநீரகம் ஒன்று, பாதி திறந்தபடி. நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தோம். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதிருக்கும்.

"எல்லாம் நல்லா இருக்கு. ஒரே ஒரு விஷயம் மட்டும் பேசணும். டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி. பூனையோட சம்பந்தப்பட்டது."

நான் தம்பியைப் பார்த்தேன். சொன்னேனா இல்லையா என்ற பார்வை.

"ஒருத்தருக்கு அது எப்பவோ வந்துட்டுப் போனதுக்கான அடையாளம் ரத்தத்துல இருக்கு. இன்னொருத்தருக்கு இல்லவே இல்லை."

"அவன்தான் டாக்டர். ஆறு வருஷம் மடியில வச்சுக் கொஞ்சினான்."

"இல்லம்மா. அவருக்கு இல்லை. உங்களுக்குத்தான் இருக்கு."



"எனக்கா? பேர் மாத்தி ஒட்டிட்டாங்களோ என்னமோ. நான் பூனையைத் தொட்டதே இல்லை டாக்டர். நர்சரிக்கு வந்தா தண்ணிக் குழாயைத் திருப்பி அடிச்சு விரட்டுவேன்."

"எங்கேயிருந்து வரும் உங்க நர்சரிக்கு?"

"தெருப் பூனைங்க. செடிக்குக் கலக்கிற மணல் குவிஞ்சு கிடக்கும்ல, அதுலதான் வந்து..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினேன்.

டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. "அந்த மணல்ல கையுறை போட்டு வேலை செய்வீங்களா?"

"கையுறை போட்டா வேர் தெரியாது டாக்டர்."

"வேலை நடுவுல ஏதாவது சாப்பிடுவீங்களா, வாயில வைப்பீங்களா?"

சாப்பிட மாட்டேன். ஆனால் நாற்றைக் குச்சியோடு சேர்த்துக் கட்ட இரண்டு கையும் வேண்டும். கட்டுகிற வாழைநாரை எங்கே வைப்பது? வாயில்தான். பத்துப் பதினைந்து நாரை ஒன்றாகப் பல்லில் கவ்விக்கொண்டு, மண் கையால் ஒவ்வொன்றாக உருவிக் கட்டுவேன். முப்பது வருஷமாக அப்படித்தான். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், நேரம் மிச்சம் என்று. அதை அந்த அறையில் வாய்விட்டுச் சொல்லும்போது என் பல்லில் மண் நறநறத்தது.

"அப்படித்தான் வந்திருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. "கழுவாத காய், சரியா வேகாத கறி, எதுலேர்ந்தும் வரலாம். நிறையப் பேருக்கு வந்திருக்கும், வந்ததே தெரியாம போயிருக்கும். நல்ல உடம்புக்கு அது ஒண்ணும் பண்ணாது. உள்ளேயே ஒரு மூலையில தூங்கிக்கிட்டு இருக்கும்."

"தூங்கிக்கிட்டுன்னா? என் உடம்புக்குள்ளயா? இப்பவா?"

"ஆமா."

"கிட்னியிலயும் இருக்குமா?"

நான் கேட்ட கேள்வியில் தம்பியும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பெரும்பாலும் தசையிலயும் மூளையிலயும்தான் தங்கும். கிட்னி வழியா போறது ரொம்ப அபூர்வம். ஆனா இவருக்கு இதுவரைக்கும் அது வந்ததில்லை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து வேற சாப்பிடப் போறார். அதனால நாங்க கவனமா இருப்போம்."

டாக்டரம்மா சொன்னதில் 'அபூர்வம்' காதில் விழவே இல்லை. தம்பியைக் காப்பாற்ற ஒரு பூனையை வீட்டைவிட்டுத் துரத்தினேன். துரத்த வேண்டியது என்னைத்தான். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தேன்.

"அப்ப நான் குடுக்கக் கூடாதா டாக்டர்? அதை மட்டும் சொல்லிடுங்க."

"குடுக்கலாம்மா. தாராளமா குடுக்கலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படியும் ஒரு மாத்திரை குடுப்போம், வேற கிருமிகளுக்காக. அதுவே இதையும் பாத்துக்கும். அடிக்கடி ரத்தமும் பாப்போம். இதை உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன், தடுக்கிறதுக்கு இல்லை."

அப்போதுதான் பக்கத்தில் சத்தம் வந்தது. தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். சத்தம் வராமல் சிரிக்கப் பார்த்து, முடியாமல், இருமலில் போய் முடிந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. மேஸ்திரி ஆறு வருஷமா எனக்குக் குடுக்காததை நீ பார்சல் பண்ணி அனுப்பப் போற."

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினார். "பூனை இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, வெளியே போற பூனையா?"

"இல்ல டாக்டர், கடைக்குள்ளேயே இருக்கும். உலர்ந்த தீனிதான்," என்றான் தம்பி. பிறகு, "இருந்துச்சு" என்று திருத்தினான். "இப்ப குடுத்துட்டோம்."

"எதுக்கு? வளர்ந்த பூனை, வெளியே போகாது, பச்சைக் கறி தின்னாது. அதால வர்ற ஆபத்து ரொம்பக் கம்மி. பெட்டியை வேற யாராவது தினமும் சுத்தம் பண்ணா போதுமே. குடுக்கச் சொல்லி யார் சொன்னாங்க?"

நான் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் சிறுநீரகத்தைப் பார்த்தேன்.

"ரோஜாச் செடி வாங்க வந்த ஒருத்தங்க சொன்னாங்க டாக்டர்," என்றான் தம்பி.

அன்றைக்கும் அதற்கடுத்த இரண்டு நாளும் அவன் பூனையைத் திருப்பிக் கேட்கவே இல்லை. கேட்டால் எனக்குச் சங்கடமாகிவிடும் என்று நினைத்திருப்பான். அதுதான் என்னை அறுத்தது. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"என்னங்க, வண்டியை எடுங்க. கறிக்கடை வரைக்கும் போகணும்."

"கறி வாங்கவா?"

"வேற எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நீ வாயைத் திறந்து சொல்றியான்னு பாத்தேன்."

கறிக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"பாருங்கம்மா, எப்படித் தேத்தியிருக்கேன்னு. வந்தப்ப பஞ்சு மாதிரி இருந்துச்சு. கொழுப்பு, ஈரல், எது விழுந்தாலும் அதுக்குத்தான். பின்னாடி சந்துல நாலு எலி பிடிச்சிருக்கு."

"பச்சையாவா தின்னுச்சு?"

"பின்ன, வறுத்தா குடுப்பாங்க பூனைக்கு?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். டாக்டரம்மா சொன்ன இரண்டு காரணமும் போச்சு. வெளியே போகாத பூனை, இப்போது சந்தெல்லாம் சுற்றுகிறது. பச்சைக் கறி தின்னாத பூனை, ஈரலில் புரள்கிறது. அது பத்திரமாக இருந்த இடத்திலிருந்து எடுத்து, நோய் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டவள் நான்.

கறிக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "எனக்கும் பழகிப்போச்சும்மா," என்றார். அப்புறம் அவரே கூடையைக் கொண்டுவந்தார். "கண்ணாடிக்காரர் கால் குளிருதுன்னு சொல்லியிருந்தார். கொண்டுபோங்க. ஆனா அடுத்த கண்ணாடிக்கு நல்ல ஃபிரேமா போடச் சொல்லுங்க."

நேராக மிருக டாக்டரிடம் போனோம். வழுக்கைத் தலை, நிதானமான பேச்சு. ரத்தம் எடுத்தார், மலம் எடுத்தார், நாலு நாள் கழித்து வரச் சொன்னார். போனால், நான் பயந்தது சரிதான்.

"புதுசாத்தான் வந்திருக்கு. பச்சைக் கறியோ எலியோ. பூனைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. முதல் தடவை வந்தா ரெண்டு மூணு வாரம் மலத்துல முட்டை போகும். அப்புறம் நின்னுடும். திரும்ப வர்றது ரொம்ப அபூர்வம்."

"அந்த ரெண்டு மூணு வாரமும் தொடாம இருக்கணுமா?"

"தொட்டா வராதும்மா. மலத்துலதான் விஷயம். அதுவும் போன உடனே இல்லை. அந்த முட்டை பழுக்க ஒரு நாளாவது ஆகும். அதுக்குள்ள அள்ளிட்டு, பெட்டியில கொதிக்கிற தண்ணியை ஊத்திட்டா ஒண்ணுமில்லை. தினமும் செய்யணும், அவ்வளவுதான். பூனையைத் தனியா ஒரு அறையில வச்சுக்குங்க. கர்ப்பிணி, நோயாளி யாரும் கிட்ட வேண்டாம். யார் பாத்துக்கிறது?"

"எனக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சே டாக்டர். நான் பாத்துக்கிறேன்."

"அப்ப உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது."

அறுபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த பட்டம் அது.

எங்கள் வீட்டை ஒட்டியே இருக்கிற நர்சரியில் மண்வெட்டியும் பூச்சட்டியும் வைக்கிற அறையைக் காலி செய்தோம். ஒரு ஜன்னல், கம்பி வலை, ஒரு பழைய நாற்காலி. மேஸ்திரி அதன் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. நான் அள்ளினேன், பார்த்தது. வெந்நீர் ஊற்றினேன், பார்த்தது. ஒரு வாய் தின்னவில்லை.

"என்ன, கோபமா? இருக்கட்டும். நான் செஞ்சதுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அதுக்காகப் பட்டினி கிடந்தா என் தம்பிக்கு யார் பதில் சொல்றது?"

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் தம்பி கடையில் இல்லாத நேரம், அவனுடைய பழைய கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் சட்டையின் கைக்குள் தலையை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. தட்டு காலி. டம்ளரில் தண்ணீரும் காலி.

தம்பியிடம் சொல்லவில்லை. நல்லபடியாக முடியாவிட்டால் இரண்டாவது தடவையும் அவனுக்கு இழப்பு. அப்படியும் ஒரு டயாலிசிஸ் நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவன் ஊசி குத்தாத கையை நீட்டி என் தோளிலிருந்து எதையோ எடுத்தான். ஒரு சாம்பல் முடி. வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸில் கீறல் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்த கண்ணாடி உறையைத் திறந்து உள்ளே வைத்து மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, டம்ளர்லதான் குடிக்கும்" என்றான்.

"தெரியும்டா. எழுதிக் குடுத்ததை நானும்தானே படிச்சேன்."

ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. கண் விழித்தபோது விலாவுக்குக் கீழே யாரோ இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி எரிந்தது. முதலில் கேட்டது அவனைப் பற்றித்தான். சிறுநீரகம் மேஜையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். மறுநாள் சாயங்காலம் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவனிடம் போனைக் கொடுத்தார்கள்.

"எப்படிடா இருக்க?"

"கால் குளிரலைக்கா."

அவ்வளவுதான் பேசினான். எனக்குப் பார்வை மங்கிப்போனது. கண்ணாடிக்காரனின் அக்காவுக்குக் கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை.

"உனக்குள்ள தூங்கிட்டிருந்த விருந்தாளி எங்கே? கூடவே வந்துட்டாரா?" என்று அவனே மறுபடியும் ஆரம்பித்தான்.

"வந்திருந்தா மாத்திரை குடுத்துத் தூங்க வை. எழுப்பாதே."

ஆறு வாரம் நான் கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது. மணல் பெட்டி என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. கையுறை, முகமூடி, மழைக்குப் போடுகிற பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு அவர் அந்த அறைக்குள் போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

"என்னங்க, சண்டைக்கா போறீங்க?"

"உனக்கு அந்தக் கிருமி சொந்தக்காரன். எனக்கு இனிமேதானே அறிமுகம் ஆகணும்."

மிருக டாக்டர் சொன்ன வாரங்கள் எப்போதோ முடிந்திருந்தன. மறுபடி பரிசோதித்தார்கள், ஒன்றும் இல்லை. ஆனாலும் டாக்டரம்மா, ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று மாதம் தம்பிக்கு மருந்து அதிகம், அதுவரை பொறுக்கலாம் என்றார். பொறுத்தோம். மேஸ்திரி அறையை விட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் படுத்திருக்கும்போது காலடியில் வந்து உட்காரும், தொடாமல், ஒரு முழம் தள்ளி. ஒரு மாதம் அந்த ஒரு முழத்தைக் குறைக்கவே இல்லை. பிறகு ஒரு மத்தியானம் எழுந்து வந்து, என் வயிற்றுத் தழும்பை மோந்து பார்த்துவிட்டு, முட்டியில் தலையை வைத்துப் படுத்தது. குறட்டை விடுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் எலும்பு வரைக்கும் போனது. இதைத்தான் கம்பளியை வைத்து ஈடுகட்டப் பார்த்தேன்.

நர்சரியில் இப்போது நாரை வாயில் வைப்பதில்லை. கழுத்தில் ஒரு கயிறு கட்டி அதில் தொங்கவிட்டிருக்கிறேன். வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான். மணல் குவியல்மேல் தார்ப்பாய் போட்டாயிற்று. கையுறையும் போடுகிறேன். முதலில் வேர் தெரியவில்லை, பிறகு தெரிந்தது.

மூன்று மாதம் முடிந்த அன்று காலையில் போன் வந்தது.

"அக்கா, டாக்டரம்மா சரின்னுட்டாங்க. வெளியே விடக் கூடாது, பச்சைக் கறி கூடாது, பெட்டிப் பக்கம் நான் போகக் கூடாது, தடவினா கை கழுவணும். எப்ப கொண்டு வர்ற?"

மேஸ்திரி அப்போது என் மடியில் இருந்தது.

"ஒரு வாரம் டைம் குடுடா."



"எதுக்கு?"

"குளிப்பாட்டணும். நகம் வெட்டணும். அதெல்லாம் இருக்கு."

"அக்கா."

"என்ன?"

"நான் கேட்டப்ப நீ நாலு நாள்தான் குடுத்த."

"சரி, நாலு நாள்."

அவன் சிரிக்கிறது போனில் கேட்டது.

நான்காம் நாள் நானே கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். கடை வாசலில் இறங்கும்போதே தம்பி கதவைத் திறந்துகொண்டு நின்றான். முகம் உப்பியிருந்தது மருந்தால், ஆனால் டயாலிசிஸ் காலத்து மஞ்சள் நிறம் போயிருந்தது. கூடையைத் திறந்தேன். மேஸ்திரி வெளியே வந்து, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராக மெஷினுக்குப் பக்கத்தில் போய், அட்டைப்பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தது. பெட்டி இருந்தது. தூசி துடைத்து, அதே இடத்தில். ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் அவனைப் பார்த்தது.

"இவ்வளவு நாள் எங்கே போயிருந்தன்னு கேக்குது," என்றான் தம்பி.

"நான்தான் அனுப்பினேன்னு சொல்லு."

"அதெல்லாம் அதுகிட்ட நான் சொல்ல மாட்டேன். ரோஜாச் செடி வாங்க வந்த அம்மாதான்."

இப்போது தினமும் காலையில், நர்சரியைத் திறப்பதற்கு முன்னால், கடைக்குப் போகிறேன். மணல் பெட்டி பின்னால் இருக்கிற இரண்டு அறையில் ஒன்றின் மூலையில் இருக்கிறது. தம்பி அந்த அறைக் கதவைத் தாண்டக் கூடாது. அவன் மெஷினில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்க, நான் கையுறை மாட்டி அள்ளிக் கட்டிப் போட்டு, வெந்நீர் ஊற்றித் துடைத்து, புது மணல் பரப்புகிறேன். மேஸ்திரி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்க்கும்.

"அக்கா, மேஸ்திரிக்குத் திருப்தியா?" என்று முன்னறையிலிருந்து கேட்பான்.

"இன்னும் சொல்லலை. மூலையில கொஞ்சம் கம்மியா இருக்குன்னு நினைக்கிற மாதிரி இருக்கு."

"போடு, போடு. அப்புறம் கோவிச்சுக்கும்."

இன்றைக்கு மூலையிலும் போட்டுச் சமன் செய்து, கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவித் துடைத்துத் திரும்பினேன். மேஸ்திரி எழுந்து, புது மணலை ஒருமுறை மோந்து, உள்ளே ஏறி, சாவகாசமாகக் குந்தியது.

"டேய், இப்பத்தானடா மாத்தினேன்."

"அதுக்குப் புதுசுன்னாத்தான் வரும் அக்கா."

நான் மறுபடியும் கையுறையை மாட்டினேன்.